கடைவாய்ப் பல்லும் அவசரமும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லை விற்றுப் பிழைக்கிறவனுக்கு அந்தப் பயம் சற்று அதிகம். என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்திருந்த அடைப்பு, இரண்டு வருஷம்கூடத் தாங்காமல், ஒரு தீபாவளிப் பகலில் முறுக்கோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. அடைத்த வைத்தியர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதினைந்தே நிமிஷத்தில் வேலையை முடித்து அனுப்பியவர் அவர். "மொத்தமாக அள்ளி அப்பிவிட்டார்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு வேறொரு வைத்தியரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண். நான் கேள்வி கேட்பவன். அந்த அம்மாளோ சலிக்காமல் பதில் சொல்பவர். ஆகையால் பல் வலிக்கு நடுவிலும் பொழுது நன்றாகப் போயிற்று.

முன்பெல்லாம் வெள்ளியும் பாதரசமும் கலந்த கலவையைக் குழியில் வைத்து அழுத்தித் திணிப்பார்கள். அது கொஞ்சம் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். இப்போது வைப்பது கண்ணாடித் துகள் கலந்த, பல் நிறத்துப் பிசின். அமிலம் தடவிப் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் பிசின் கெட்டியாகப் பற்றும் என்று 1955-ல் அமெரிக்காவில் புவனகோர் என்பவர் எழுதினார். 1962-ல் போவன் என்பவர் அதற்கேற்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று அதன்மேல் நீல ஒளியைக் காட்டினால் சில விநாடிகளில் கல்லாகிவிடுகிறது.

ஆனால் கல்லாகும்போது அது சுருங்குகிறது. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். கடைவாய்ப் பல்லின் குழியோ ஒரு பெட்டி மாதிரி. அடியிலும் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டு, மேலே மட்டும் திறந்திருக்கும் பிசின் எங்கே சுருங்கும்? சுவரை இழுக்கும், இல்லையேல் சுவரை விட்டு விலகும். விலகிய இடுக்கில் கிருமி குடியேறும்.

அதனால்தான் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல், சாய்வாக, அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே ஒளி காட்டும் வழக்கம் வந்தது. ஓர் அடுக்கு எல்லாச் சுவரையும் ஒரே சமயத்தில் பிடித்து இழுக்காது. ஒளியும் அடிவரை போய்ச் சேரும். பின்னாளில் நான்கு மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் நிரப்பக்கூடிய பிசின்கள் வந்தன. அவற்றுள் ஒளி ஆழமாகப் புகும். சுருங்கும்போது வரும் இழுப்பும் குறைவு.

"அப்படியானால் மொத்தமாக அடைத்ததால்தானே டாக்டர் என்னுடையது பெயர்ந்தது?" என்றேன் வெற்றிக் களிப்போடு.

"அதற்கென்றே செய்த பிசினாக இருந்தால் தப்பில்லை, சார். சில வருஷங்கள் தொடர்ந்து பார்த்த சோதனைகளில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் இப்போது உங்களுக்கு வைக்கப்போவதும் அதுதான். அடியில் ஒரே ஊற்று, மேலே தேய்மானம் தாங்க ஒரு கெட்டி மூடி. ஒட்டுகிற சமயத்தில் எச்சில் பட்டால்தான் எந்த முறையும் நிற்காது. அன்றைக்கு ரப்பர் விரிப்புப் போட்டார்களா?"

எனக்குச் சுரீரென்றது. போட வந்தார். மூச்சு முட்டுகிறது என்று நான்தான் கையைத் தட்டிவிட்டேன். ஒரு கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். நடுவில் வாயை மூடி எச்சிலையும் விழுங்கினேன். பாவம், அவர் பஞ்சைத் திணித்துத் திணித்துப் பார்த்தார்.

அதையும் சொன்னேன். "அதுதான் காரணம் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது, சார்" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

இந்தத் தடவை முக்கால் மணி நேரம் ரப்பர் விரிப்புக்குக் கீழே அசையாமல் கிடந்தேன். பிசின் வைத்ததென்னவோ சில நிமிஷந்தான். மற்ற நேரமெல்லாம் சுத்தம் செய்வதிலும், ஈரம் அண்டாமல் காப்பதிலும், கடிக்கும்போது இடிக்காமல் தேய்த்துவிடுவதிலும் போயிற்று.

போன வாரம் பழைய வைத்தியரின் வாசல் வழியாக நடந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. அவரைப்பற்றிப் பத்துப் பேரிடமாவது குறை சொல்லியிருப்பேன். அவர்களில் நான்கு பேரைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.