மறுபடியும் வந்த குதிரைகள்

இன்டெர்னல் டெஸ்ட் ஒருவழியாக முடிந்தது. எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்காதீர்கள், நட்பு முறிந்துவிடும். இன்றைக்குப் பாட்டு மேட்டர். எனக்கு ச-வுக்கும் ப-வுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பெருந்துறையைத் தெரியாதவர்களுக்கு: கோயமுத்தூர் போகிற வழியில் ஈரோட்டுக்குப் பக்கம். சிப்காட் வந்த பிறகு ஊருக்குள் தமிழுக்குச் சமமாக இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் கேட்கிறது. நான் டீ குடிக்கிற பேக்கரிக்கு ஒரு வங்காளப் பையன் வருவான். மில்லில் ஷிப்ட் வேலை. ஒருநாள் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டுக்கொண்டே கூடவே பாடினான். எங்கேயோ கேட்ட மெட்டு. "இது கேங்ஸ்டர் படத்து பீகி பீகி தானே?" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணா, அது காப்பி. இதுதான் அசல்" என்றான், அரைத் தமிழில்.

அசலைத் தேடிப் போனேன். இரண்டு நாள் தூக்கம் போனது.

அந்தக் குழுவின் பெயர் மொஹீனேர் கொராகுலி. 'மொஹீனின் குதிரைகள்' என்று அர்த்தம். ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த பெயர். 1970களின் நடுவில் கொல்கத்தாவில் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. முன்னால் நின்றவர் கௌதம் சட்டோபாத்யாய். நக்சல்பாரி இயக்கத்தில் இருந்து சிறைக்குப் போய் வந்தவர். பாவுல் பாட்டையும் மேற்கத்திய ராக்கையும் ஜாஸையும் ஒன்றாகப் போட்டு, சினிமாவுக்கு இல்லாமல் தங்களுக்காகவே பாட்டுக் கட்டினார்கள். இந்தியாவில் ராக் என்றால் இங்கிலீஷில்தான் என்று இருந்த காலம் அது. இவர்கள் தாய்மொழியில் பாடினார்கள்.

1977, 78, 79 என்று வருசத்துக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டு போட்டார்கள். பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1981-ல் குழு கலைந்தது. ஆளுக்கொரு பிழைப்பு, ஆளுக்கொரு ஊர். இப்படி எத்தனை குழு கலைந்திருக்கும்? அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் ஒரு கேசட் வந்தது. 'மீண்டும் இருபது வருடம் கழித்து' என்று பெயர். இதுவும் ஜீவனானந்த தாஸிடம் வாங்கியதுதான். அந்தப் பையன் பாடிய 'பிருத்திபி' அதில்தான் இருக்கிறது. டிவி பெட்டிக்குள் உலகம் சுருங்கச் சுருங்க, மனுசனுக்கு மனுசன் தூரமாகிறதைப் பற்றிய பாட்டு. கையில் போனை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் சுருக்கென்று இருக்கிறது.

என்னைப் பிடித்து உலுக்கிய விசயம் வேறு. பழைய ஆட்கள் வரிசையாக நின்று பழைய பாட்டையே பாடவில்லை. புதுப் பையன்கள், பொண்ணுகளைக் கூப்பிட்டுப் பாடவைத்தார் கௌதம். அவர்களுடைய பாட்டையும் சேர்த்துக்கொண்டார். அட்டையில் மொஹீனேர் கொராகுலி 'தொகுத்தது' என்றுதான் போட்டார்கள். அதற்குப் பிறகும் சில கேசட்டுகள் இதே மாதிரி வந்தன. 1999-ல் கௌதம் இறந்துபோனார். 2006-ல் பிருத்திபியின் மெட்டு இந்திக்குப் போய், வங்காளதேசத்து ஜேம்ஸ் குரலில் இந்தியா முழுக்க ஓடியது. அதைக் கேட்க அவர் இல்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. என் மாமா ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தவர். மாரியம்மன் நோம்பி என்றால் விடிய விடியக் கச்சேரி. மொத்தம் ஐந்து பேர். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே குழு நின்றுவிட்டது. மாமா தறிக்குப் போய்விட்டார். கிதார் பரணுக்குப் போய்விட்டது.

"மறுக்கா ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து வாசிங்க மாமா" என்று வருசா வருசம் நச்சரிப்பேன். போன நோம்பிக்கும் கேட்டேன். "அஞ்சு பேர்ல ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாங்க கண்ணு. யாரோட வாசிக்கறது?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நான் ஏதோ புண்ணில் கைவைத்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

கௌதம் கதையைப் படித்த பிறகுதான் என் கேள்வியே தப்பு என்று தெரிந்தது. நான் கேட்டது பழைய ஐந்து பேரை. அவர்கள் வரமாட்டார்கள். மாமா இருக்கிறாரே.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மா அரிசிம்பருப்புச் சோறு போட்டாள், அவன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் பாடினான். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை புரியாது. "இன்னொருக்கா பாடச் சொல்லு" என்றார். மூன்றாவது தடவை பாடும்போது எழுந்து போய்ப் பரணில் ஏறினார்.

கம்பி முழுக்கத் துரு. திருகும்போதே ஒன்று அறுந்தது. மிச்சம் ஐந்தை வைத்துக்கொண்டு அவன் குரல் பின்னாலேயே தடவித் தடவிப் போனார். அவ்வளவு ஒன்றும் பிரமாதமாக இல்லை, பொய் சொல்லக் கூடாது. விரல் நுனியெல்லாம் சிவந்து போனது. "காப்புக் காச்சியிருந்த கை, எல்லாம் போயிருச்சு" என்று ஊதிக்கொண்டார்.

மறுநாள் நான் காலேஜுக்குக் கிளம்பும்போது மாமாவும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். எங்கே என்றேன்.

"ஈரோடு வரைக்கும். கம்பி வாங்கணும்" என்றார். "அந்தப் பையனுக்கு அடுத்த லீவு எப்பன்னு கேட்டு வை."