புதுப்பேட்டையில் ஒரு பிஸ்டன் பஞ்சாயத்து!

எங்க வீட்டில் ஒரு கேஸ் பத்தொன்பது வருஷமாக நிலுவையில் இருந்தது. கோர்ட்டில் இல்லை, கொல்லைப்புறத்தில்!

குற்றவாளி, எங்க அப்பா. குற்றம், 2006-ல் தன் யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கு டூ-டி ஆயில் ஊற்ற மறந்தது. பின்னால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகிற வழியில், இன்ஜின் ‘கிரீச்’ என்று பிடித்துக்கொண்டது. கிளட்ச்சைப் பிடிக்கக்கூட நேரமில்லை. பின் சக்கரம் அப்படியே நின்றுபோய், ரெண்டு பேரும் ரோட்டில். அப்பாவுக்குச் சிராய்ப்பு. அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஒரு வயசுப் பையனான நான், நல்லவேளையாகப் பாட்டி மடியில்.

“ஆயில் ஊத்தத் துப்பில்லாதவனுக்கு எதுக்குடா ஆர்.எக்ஸ்.?” - இது தாத்தாவின் தீர்ப்பு. அப்பா அப்பீல் போகவில்லை. வண்டியைக் கொல்லையில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். அவ்வளவுதான், கேஸ் க்ளோஸ்!

போன செமஸ்டர் லீவில் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை கேட்டார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பையன் வீட்டிலிருந்து ஆர்.எக்ஸ். எடைக்குப் போவதா? “ஒரு மாசம் டைம் கொடுங்கப்பா, நானே இன்ஜினைப் பிரிச்சு சேர்த்துடறேன்” என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை மட்டும் இல்லை.

ஆர்.எக்ஸ்.100 பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன பயோடேட்டா. 1985-ல் இந்தியாவுக்கு வந்தது, 1996-ல் தயாரிப்பு நின்றது. 98 சி.சி., ரெண்டே ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி. எடை கிட்டத்தட்ட நூறு கிலோதான். அந்த நோஞ்சான் உடம்புக்கு 11 குதிரை என்றால் சும்மாவா? இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறதே, அதுதான் காரணம்.

முதல் வேலை, பிரிப்பது. பிஸ்டன் சிலிண்டரோடு ஐக்கியமாகி இருந்தது. மூன்று நாள் டீசலில் ஊறவைத்து, மேலே மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டித் தட்டித்தான் நகர்ந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் புல்லர் கொடுத்து உதவ, மேக்னெட் கழன்றது. “ஒவ்வொண்ணையும் கழட்டும்போது செல்போன்ல படம் எடுத்துக்கோ தம்பி. சேர்க்கும்போது கடவுள்கூட வரமாட்டார்” என்றார். வேதவாக்கு!

அப்புறம் பயணம். சிலிண்டர் பிளாக்கும் பிஸ்டனும் காலேஜ் பேக்கில். கிராங்க் ஒரு கட்டைப் பையில். செங்கல்பட்டிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். பக்கத்து சீட் அக்கா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, கிரைண்டர் கல்லா?” என்றார். எழும்பூரில் இறங்கும்போது தோள்பட்டை தனியாகக் கழன்றுவிடும் போலிருந்தது.

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான் புதுப்பேட்டை, கூவம் கரையோரம். 2006-ல் வந்த ‘புதுப்பேட்டை’ படம் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு அரிவாளோடு நிற்பார்கள் என்று நினைத்துப் போனேன். ஆளுக்கொரு ஸ்பேனரோடுதான் நிற்கிறார்கள்! ஒரு கடையில் கதவுகள் மட்டும். அடுத்த கடையில் ரேடியேட்டர் மட்டும். இன்னொன்றில் கியர்பாக்ஸ் மலை. வண்டி என்று முழுசாக எதுவுமே கண்ணில் படாது. ஆனால் எல்லா வண்டியும் அங்கே இருக்கும். நாங்கள் காலேஜில் ‘அசெம்ப்ளி டிராயிங்’ போடுகிறோமே, அதை யாரோ கலைத்து ரோட்டோரம் பரப்பி வைத்த மாதிரி இருந்தது.

விசாரித்து விசாரித்து ஒரு போரிங் பட்டறையைப் பிடித்தேன். பத்துக்குப் பத்து இடம், ஒரு போரிங் மெஷின், ஒரு ஹோனிங் மெஷின், அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். பிளாக்கை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. “பிஸ்டனைக் காட்டு” என்றார்.

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்படிப் புடிச்சுது?”

“ஆயில் இல்லாமங்க. அப்பா ஊத்த மறந்துட்டார்.”

“யாரு சொன்னா?”

“தாத்தா.”

“உங்க தாத்தா மெக்கானிக்கா?” என்று சிரித்தார். “ஆயில் வறண்டு புடிச்சிருந்தா சுத்திலும் கீறியிருக்கும் தம்பி. இது சைலன்சர் பக்கம் மட்டும்தான் கீறியிருக்கு. ஆயில் இருந்திருக்கு. வண்டி ஓவர் ஹீட் ஆகியிருக்கு. எங்கேயோ காத்து இழுத்திருக்கு. மேக்னெட் பக்கத்து ஆயில் சீலைப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. கட்டைப் பைக்குள் ஒரு கவரில் பழைய சீல்களைப் போட்டு வைத்திருந்தேன், சைஸ் காட்டிப் புதுசு வாங்க. எடுத்துக் கொடுத்தேன். இடது பக்க சீலின் உதடு ஒரு இடத்தில் கிழிந்து, அதை இறுக்கிப் பிடிக்கிற குட்டி ஸ்பிரிங் வளையம் விலகிக் கிடந்தது.

“இத்தனை வருஷம் கிடந்தா எந்த ரப்பரும் காயும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா பிஸ்டன் பொய் சொல்லாது” என்றார்.

அங்கேயே நின்றுவிட்டேன். செமஸ்டரில் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் படம் வரைந்து முழு மார்க் வாங்கியவன் நான்! ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் சும்மா ஆயிலைத் தாங்குகிற டப்பா. டூ-ஸ்ட்ரோக்கில் அதுதான் நுரையீரல். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, அங்கிருந்து மேலே போகிறது. 1890-களை ஒட்டி இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜோசப் டே என்பவர் செய்துகாட்டிய வித்தை இது. அந்த நுரையீரலில் ஓட்டை விழுந்தால்? வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும். சூடு எகிறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் தெரியும். ஆனால் நான் வரைந்த படத்தில் ஆயில் சீல் இல்லை! ஒரு தட்டு பிரியாணியைவிட விலை குறைவான அந்த ரப்பர் வளையத்தை வரையாமலே முழு மார்க்.

வண்டி மேல் குற்றமில்லை. பதினோரு வருஷம் ஓடிய ரப்பர், அதன் ஆயுசு அவ்வளவுதான். அப்பா மேலும் குற்றமில்லை.

பெரியவர் 0.50 ஓவர்சைஸுக்கு போர் போட்டார். ஒரிஜினல் போர் 50 மில்லிமீட்டர், இப்போது ஐம்பதரை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கிராங்க்குக்குப் புது கனெக்டிங் ராடு பிரஸ் பண்ணியும் கொடுத்தார்கள். மிச்ச சாமானுக்குச் சூளை, ஜெனரல் காலின்ஸ் ரோடு. டூ-வீலர் ஸ்பேர்ஸுக்கு அந்தத் தெருதான் ராஜா. பேரிங், கேஸ்கெட், ரிங், முக்கியமாக ரெண்டு பக்க சீல். கவனம் பாஸ், அசலைப் போலவே அட்டைப்பெட்டி போட்ட டூப்ளிகேட்டும் கிடைக்கும். பழைய பொருளைக் கையில் எடுத்துப் போய் அளந்து வாங்குவது உத்தமம்.

வீட்டில் சேர்க்க ஒன்பது நாள் ஆனது. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், காடியில் இருக்கும் குட்டி முளையில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் சுவரில் இருக்கும் துவாரத்தில் ரிங் மாட்டி உடையும். ஒரு தடவை தப்பாகப் போட்டு, ஒரு ரிங்கை உடைத்து, மறுபடி சூளைக்கு ஓடினேன். அது தனி அவமானம்.

அன்று ராத்திரி, அப்பாவிடம் அந்தப் பழைய சீலைக் கொடுத்து, பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா கிழிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “அன்னைக்குக் காலைல நான் ஆயில் ஊத்தினேன்டா” என்றார்.

அடுக்களையிலிருந்து அம்மா, “அதை அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“யாரு கேட்டா?”

அம்மா ஒன்றும் பேசவில்லை. இடது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டபடி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, கிக்கரை அப்பாதான் உதைத்தார். பதினேழாவது உதையில் இன்ஜின் இருமியது. பத்தொன்பதாவதில் பிடித்தது. டிங்... டிங்... டிங்... பக்கத்து வீட்டு மாடியில் ரெண்டு தலை எட்டிப் பார்த்தது.

ரோட்டுக்கு எடுக்கவில்லை. ஆர்.சி. 2010-லேயே காலாவதி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் படலம் இனிமேல்தான் ஆரம்பம். அதுவரை வாசலோடு சரி. அப்பா ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கினார். வெள்ளைப் புகை வாசலைத் தாண்டி, ஹாலுக்குள் நுழைந்து, மாலை போட்டிருந்த தாத்தா போட்டோ வரைக்கும் போனது.

கேஸ் தள்ளுபடி!