அடியில் இருந்த ஈரம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கடந்த மே மாத விடுமுறையில், மதுரை மஹபூப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நானும் பிளஸ் டூ முடித்த என் மகனும் ஒரு கணினியைப் பாகம் பாகமாகப் பொருத்தினோம். அது எங்கள் வீட்டுக்கானதன்று. நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவுக்கானது. முந்தைய கணினி எரிந்துபோனதால், நிர்வாகத்தார் இரண்டாம் முறையாக ஒதுக்கிய பணத்தில் வாங்கியது.

அந்தப் பழைய கணினியையும் மூன்றாண்டுகளுக்கு முன் நான்தான் பொறுப்பேற்று வாங்கினேன். ‘மக்தபா ஷாமிலா’ அரபு நூல் தொகுப்பு, மாணவர்களின் ஹிஃப்ழ் பதிவேடு, பல ஆண்டுகளின் வினாத்தாள்கள் எல்லாம் அதில் இருந்தன. வாங்கும்போது கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டிகள் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டின் மேலும் 450 வாட் என்றே அச்சிட்டிருந்தது. விலை வித்தியாசம் 1,400 ரூபாய். மலிவானதை எடுத்துக்கொண்டேன். சந்தாப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட்டதாக நிர்வாகக் கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது.

சித்திரை மாதக் கோடை மழை நாளொன்றில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டது. கருகிய வாடை அறை முழுதும் பரவியது. எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகாமல் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பழுது பார்த்தவர், “ஹஜ்ரத், நல்ல பெட்டியாக இருந்தால் இந்த நேரத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். இதில் அந்தப் பாதுகாப்பே இல்லை” என்றார். நிர்வாகத்தார் காரணம் கேட்டபோது, “மின்னழுத்தம் ஏறி இறங்கிவிட்டது” என்று மட்டும் சொன்னேன். மதுரையில் வசிப்பவர் எவர் அதை மறுப்பார்? ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணினிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் நேர்திசை மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வது எஸ்.எம்.பி.எஸ். ஆகவே கணினியின் ஒவ்வொரு பாகமும் அதை நம்பியே இயங்குகிறது. புதியதைக் கேபினெட்டின் அடியில், காற்று வழி இருக்கும் பக்கம் விசிறி பார்க்கும்படி வைத்து, நான்கு திருகுகளால் முடுக்க இருந்தோம். அதற்குள் மகனுக்கு ஒரு விளையாட்டு தோன்றியது. அடுப்படியிலிருந்து எடை இயந்திரத்தை எடுத்து வந்தான். பழைய பெட்டி 740 கிராம், புதியது 1 கிலோ 400 கிராம். இரண்டும் 450 வாட்.

“எடை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது அத்தா. கீழே சின்ன எழுத்துல இருக்கிறதைப் படிச்சீங்களா?” என்று கேட்டான்.

படித்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இன்றைய கணினிகளில் பிராசஸர் பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. பழைய பெட்டியின் அட்டவணையில் அந்த வரியில் 14 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 168 வாட். புதியதில் 36 ஆம்பியர். அதாவது 432 வாட். பெரிய எழுத்து ஏமாற்றியது. ஆனால் சிறிய எழுத்து உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓர் எழுத்தின் மேலுள்ள ஷத்து விடுபட்டாலும் பிள்ளைகளை நிறுத்தித் திருத்துகிற நான், மூன்று விரற்கடை அளவுள்ள ஓர் அட்டவணையைப் படிக்கவில்லை.

அதன்பின் என் கைகள் வேலை செய்தன, மனம் அங்கில்லை. பிராசஸர் இன்டெல் ஐ3-12100. அதற்கான கூலர் அதே பெட்டியில் வந்தது. அடியில் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவப்பட்டிருந்தது. கூலரின் நான்கு மூலைகளிலும் அழுத்தும் ஊசிகள் உண்டு. ஒரு மூலையை அழுத்தினால் அடுத்து அதன் எதிர் மூலையை அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் ‘க்ளிக்’ என்று விழ வேண்டும். நான் அழுத்தினேன், நான்கும் விழுந்துவிட்டதாக நினைத்தேன். விசிறியின் வயரைச் செருகி, மின்சாரம் கொடுத்து பயாஸ் திரையைப் பார்த்தால் வெப்பம் 94 டிகிரி. அந்தப் பிராசஸரின் எல்லையே 100 டிகிரிதான்.

“மதுரை வெயில் அப்படி. ஓடுகிறதே, போதும்” என்றேன்.

மகன் பக்கவாட்டுத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “அப்போ மூடிடலாமா அத்தா?” என்று கேட்டான்.

அவன் கேட்டது தகட்டை மூடுவதைப் பற்றித்தான். எனக்கோ நெஞ்சில் தைத்தது. அணைக்கச் சொன்னேன். கேபினெட்டின் பின்புறத் திறப்பு வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று ஊசிகளின் முனைகள் வெளியே வந்திருந்தன, ஒன்று வரவில்லை. அந்த ஓரம் தூக்கி நின்றதால் கூலரின் அடிப்பரப்பு பிராசஸரோடு முழுதாகப் படியவில்லை. கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிதாக வைத்து, மீண்டும் பொருத்தினோம். நான்கு முறை ‘க்ளிக்’ கேட்டது. இப்போது 47 டிகிரி. கூடத்தில் அப்போது 37 டிகிரி வெப்பம். எந்த விசிறியும் பிராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது என்பதால், அது நல்ல கணக்கே. வெயிலின் மீது நான் போட்ட பழி பொய்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. வணிகர், மழை பட்டுவிட்டது என்றார். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்க மறுத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் கவனிக்காத ஒன்று அன்று புலப்பட்டது. அந்த வணிகர் பொய் சொல்லவில்லை. மழை பெய்தது உண்மையாகவே இருந்திருக்கலாம். குற்றம் மழையில் இல்லை. ஈரத்தை அடியில் வைத்ததில் இருந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதும் உண்மைதான். பழுது பார்த்தவர் சொன்னதை அடியில் வைத்துவிட்டு, அந்த உண்மையை மேலே பரப்பியவன் நான்.

ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் அல்-மாவர்தீ, ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ நூலில் சந்தையின் எடைகளையும் அளவைகளையும் சோதிக்கும் முஹ்தஸிப் என்னும் அதிகாரியைப் பற்றி எழுதுகிறார். அப்படியோர் அதிகாரி எங்கள் கூடத்துக்கு வரவில்லை. அடுப்படித் தராசோடு என் மகன் வந்தான்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகத்தாரிடம் இரண்டு பெட்டிகளையும் வைத்து, முழுவதையும் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. மூத்தவர் ஒருவர் பழையதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், இதைக் குப்பையில் போட வேண்டாம். வகுப்பு அலமாரியில் வையுங்கள்” என்றார். இழப்பில் என் பங்காக மாதம் 500 ரூபாய் செலுத்துகிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாததற்காக நன்றியுடையவனாக இருக்கிறேன்.

பிள்ளைகளோடு வீட்டில் கணினி பொருத்துவோருக்கு மூன்று சொற்கள்: பெட்டியின் பெரிய எண்ணை விடுத்து 12 வோல்ட் வரியைப் படியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை ஒருபோதும் திறக்காதீர்கள். நான்காவது ‘க்ளிக்’ கேட்காமல் தகட்டை மூடாதீர்கள்.

நம் அமானிதங்களை நிறைவேற்றும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.