கையகலக் காகிதம்

எங்கள் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் மார்கழியில் தகரக் கோல அச்சில் மாவு தட்டி வளர்ந்த கைகளுக்கு ஸ்டென்சில் புதிதா என்ன?

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி போஸ்டர் கலரில் தொட்டுக் கையகல அட்டையில் ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ. கொல்லிமலையில் மிளகுக்கொடி ஏற்றும் சில்வர் ஓக் மரத்தின் இலை பெரணிபோல் பிளந்திருக்கும். அதைக் காகிதத்தில் அழுத்திப் பிடித்து ஸ்பாஞ்சால் வண்ணம் ஒற்றி எடுங்கள்; இலை வெள்ளையாக நிற்கும், அத்தனை அழகு! தண்ணீர் மட்டும் குறைவாக இருக்கட்டும், கூடினால் ஓரம் கசியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டினாலும் நல்ல ஸ்டென்சில்தான். மூலையில் ஒரு பழைய தபால்தலையை ஒட்டினால் அட்டை தயார்.

அட்டையின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். 1997இல் சூரிச்சில் ஸ்டிர்னெமான் என்ற கலைஞர் தொடங்கிவைத்த, விற்காமல் கைமாற்றிக்கொள்ளும் அட்டைகளின் அளவு இது. அந்த ‘விற்காமல்’தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன். பதிலுக்கு நீங்கள் செய்தது ஒன்று வேண்டும்.