அடுத்த தடவைக்கும் சதை வேண்டும்

படுக்கைப்புண்ணின் வாயைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவுதான் ஓட்டை இருக்கும். கையுறை போட்ட விரலை உள்ளே விட்டுச் சுழற்றினால் விரல் முழுக்க இறங்கும். அடியில் எலும்பு சொரசொரவென்று தட்டுப்படும். அழுத்தத்தில் முதலில் சாவது தோல் அல்ல, எலும்பை ஒட்டிக் கிடக்கும் சதை. அதனால்தான் இந்தப் புண்ணுக்கு வாய் சிறிதாகவும் வயிறு பெரிதாகவும் இருக்கிறது. நான் பிளாஸ்டிக் சர்ஜரி யூனிட்டில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் சீஃப் சொன்னார்: "கண்ணால பார்த்து எழுதாதே, விரலால பார்த்துட்டு எழுது."

பிளாஸ்டிக் சர்ஜரி படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கை வேண்டும், முகம் வேண்டும், உதட்டுப் பிளவு வேண்டும். படுக்கைப்புண் யாருக்கும் வேண்டாம். சுத்தமான காயங்களை முதலில் பார்த்துவிட்டுச் சீழ் உள்ளவர்களிடம் கடைசியில் போவது வார்டு வழக்கம். ஆகவே இவர்களுக்குக் கிடைப்பது களைத்துப்போன டாக்டர்கள்தான். எங்கள் சீஃப் அந்தக் கடைசிக் கட்டிலுக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கட்டைத் தானே அவிழ்ப்பார். பஞ்சில் ஊறியிருப்பதன் நிறம், வாடை, ஓரம் உள்பக்கம் சுருண்டிருக்கிறதா, பல வருஷப் புண்ணென்றால் ஓரத்தில் தடிப்பு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். தடிப்பு இருந்தால் பயாப்ஸி. பழம்புண்ணில் புற்று முளைப்பதுண்டு.

அப்படி ஒரு கட்டிலில் இருந்தவர் தென்னை ஏறும் தொழிலாளி. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இடுப்பின் பின்னாலிருக்கும் சேக்ரம் எலும்பின் மேல் உள்ளங்கை அகலப் புண். ஹீமோகுளோபின் 7, ஆல்புமின் 2.1. அவர் மனைவி தினமும் கேட்பார்: "என்னைக்குய்யா தைப்பீங்க?" நாளைக்கே தைத்துவிடலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. சீஃப் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார், "தைக்க நூல் இருக்கு. ஒட்டுறதுக்கு அந்த உடம்புல சத்து இல்லையே."

ஆறு வாரம் காத்திருந்தோம். முட்டை, சுண்டல், கடலை கொடுத்தோம்; ரத்தம் ஏற்றினோம். செத்த சதையைக் கட்டிலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தோம். தூக்கிப் போடும் கால்களுக்கு பேக்லோஃபென். அந்தத் துடிப்பை அடக்காமல் ஃபிளாப் போட்டால், அதாவது பக்கத்துச் சதையைத் தோலோடு திருப்பிப் புண்ணை மூடினால், ராத்திரி ஒரு உதறலில் தையல் பிரிந்துவிடும். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையை அந்த அம்மா எடுத்துக்கொண்டார். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவிலில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகலாக இதைத்தான் செய்யவைத்தார். இந்த அம்மாவுக்கு அவரைத் தெரியாது. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தியேட்டரில் முதல் வேலை நீல மருந்து. மெத்திலீன் புளூவில் நனைத்த துணியைப் புண்ணுக்குள் அடைத்துவிட்டு, நீலம் கண்ணில் படாமல் சுற்றி வெட்டிக்கொண்டு போக வேண்டும், கட்டியை எடுப்பதுபோல. நீலம் தெரிந்தால் பைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்; வெளியே வந்து இன்னும் ஆழமாகப் போங்கள். அந்த வழுவழுப்பான சவ்வுப்பை கொஞ்சம் மிஞ்சினாலும் ஃபிளாப்பை ஒட்டவிடாது, உள்ளே நீர் கட்டும். பிறகு எலும்பு. துருத்திய முனையை உளியால் சீவி, ராஸ்ப் போட்டுத் தேய்த்து, ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும்போது நிறுத்திவிட வேண்டும். உட்காரும் எலும்பை முழுக்க வழித்தெடுத்தால் பாரம் மறுபக்கம் சாயும்; அங்கே புண், பிறகு நடுவில் சிறுநீர்ப் பாதையிலும் புண். உணர்வில்லாதவருக்கு மயக்க டாக்டர் எதற்கு என்றும் நினைக்காதீர்கள். முறிவு மேல்முதுகிலோ கழுத்திலோ இருந்தால், வலியே தெரியாத உடம்பிலும் கத்தி பட்டதும் பிரஷர் எகிறும்.

கோடு போடுவதுதான் சீஃபின் கைவேலை. மார்க்கர் பேனாவைத் தொடமாட்டார். சீவிய குச்சியை நீல மருந்தில் தொட்டு, பிட்டத்தைச் சுற்றித் தொடை வரைக்கும் ஒரே இழுப்பில் பெரிய அரைவட்டம் வரைவார். புண்ணை மூட அதில் பாதி போதுமே என்று தோன்றும். தென்னைக்காரருக்குக் கோடு போட்ட அன்று கேட்டே விட்டேன். "சின்னதா வெட்டினா இன்னைக்கு மூடிரும்ப்பா. இவர் இன்னும் முப்பது வருஷம் இதே இடத்துமேல படுக்கணும். அடுத்த தடவை எதை வச்சு மூடுவே?" பெரிய கோடென்றால் தையல் எலும்புமேல் விழாது, பக்கத்து ஃபிளாப்புக்கான சதையும் கெடாது. 1956-இல் கான்வே, கிரிஃபித் என்ற இரண்டு சர்ஜன்கள் ஆயிரம் கேஸ்களின் அனுபவத்தை வைத்து எழுதியதும் இதுதான். அதை நான் படித்தது பின்னால். எனக்கு முதலில் வந்தது அந்தக் குச்சியின் கோடுதான்.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். தனியாகச் செய்த முதல் இஸ்கியல் புண், அதாவது உட்காரும் எலும்பின் மேல் வரும் புண். தொடையின் பின்சதையை வி-ஒய் முறையில் மேலே நகர்த்தி அழகாக மூடினேன். நோயாளி குப்புறப் படுத்திருந்தார், கால்கள் நீட்டியபடி. நாலாவது வாரம் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தோம். இடுப்பு மடங்கியது, தையல் நடுவில் வாய் பிளந்தது. அந்தப் பையன் கீழே பார்க்க முடியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீஃப் திட்டவில்லை. "டேபிள்லயே இடுப்பை மடக்கிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். அன்று முதல், கடைசித் தையல் போடுவதற்கு முன் இடுப்பை மடக்கி, தையல் ஓரம் வெளுக்கிறதா என்று பார்க்காமல் நான் தியேட்டரை விட்டு வருவதில்லை. உள்ளே கட்டும் நீரை வடிக்கும் ட்ரெயின் குழாயையும் நாள் கணக்குப் பார்த்து எடுக்காதீர்கள். பாட்டிலில் இறங்கும் அளவைப் பார்த்து எடுங்கள். ஒருநாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வரட்டும்.

தென்னைக்காரர் ஐந்து வருஷம் கழித்து அதே இடத்தில் புண்ணோடு வந்தார். மனைவிக்குக் காய்ச்சல், பத்து நாள் திருப்ப ஆளில்லை. சீஃப் ஓய்வுபெற்றுவிட்டார். பழைய தழும்பின் மேலேயே கத்தியை ஓட்டினேன். சதை அப்படியே எழும்பி வந்தது. இன்னொரு சுற்றுத் திருப்பினேன், இழுவை இல்லாமல் போய் உட்கார்ந்தது. அந்தப் பழைய கோடு முழுக்க நான் கத்தி பிடித்துப் போனேன். தையல் முடியும்வரை யாரோடும் பேசவில்லை.

ஐந்தாவது வாரம் உட்காரவைத்தோம், 15 நிமிஷம். படுக்கவைத்ததும் அந்த அம்மா டார்ச்சை அடித்துச் சிவந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். வெளுத்தது, திரும்பச் சிவந்தது. அரை மணிக்குள் சிவப்பு முழுக்க மறைந்துவிட்டது.

"நாளைக்கு இருபது நிமிஷம் வைக்கலாமாய்யா?"

"வைக்கலாம்மா."