டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை

பதிவு கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே பொறுமையோடு படித்துவிடுங்கள்.

போன மாதம் பேரன் காதுகுத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனீர்கள். பந்தியில் சோறு வைக்க வந்தபோது கையை இலைமேல் குறுக்கே வைத்து மறைத்தேன் அல்லவா, அதை யாரோ வீடியோவே எடுத்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து போன் மேல் போன். "டீச்சருக்கு என்னவோ பெரிய வியாதியாமே" என்று ஒருத்தி அழுதே விட்டாள். துபாயில் இருக்கும் ஒரு மாணவன் என் மகனைக் கூப்பிட்டு, "பணம் தேவைன்னா கூச்சப்படாம சொல்லுங்கண்ணே" என்றானாம். அவன் நல்லா இருக்கணும். எனக்குப் புதிதாக ஒரு வியாதியும் வரவில்லை. பழைய சர்க்கரைதான். பதினான்கு மாதமாகச் சோற்றை விட்டிருக்கிறேன். 74 கிலோ இருந்தவள் 62-க்கு வந்துவிட்டேன். கன்னம் ஒட்டிப்போனது அதனால்தான்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது பாதியில் தண்ணீர் குடிக்க ஓடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஆரம்பித்தது. மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. டெஸ்ட் எடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பு மட்டும் வாயைக் கட்டுவேன். ரிசல்ட் நன்றாக வரும். காப்பி அடித்தால் முட்டி போட வைத்த டீச்சர் செய்த வேலை இது! ஆனால் எச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதனிடம் இந்த வேலை பலிக்காது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையை அந்த டெஸ்ட் கணக்கெடுத்துவிடும். எனக்கு 9.6 வந்தது. 7-க்குள் இருக்க வேண்டியது.

அதே மாதத்தில்தான் என் பெரிய அண்ணனுக்கு இடது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். வயலில் முள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி மரத்துப் போயிருந்தது. (இதை எழுதுவதில் தப்பில்லை, அவரே டீக்கடையில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார்.) ஆஸ்பத்திரியில் அவர் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உள்ளங்காலில் ராத்திரி எரிச்சல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கினேன். பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு, என்ன சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று எழுதினேன். மூன்று இட்லி, சாம்பார்: 246. சரி, சப்பாத்திதான் நல்லது என்கிறார்களே என்று மூன்று சப்பாத்தி: 231. கேப்பைக்களி, கீரைக்குழம்பு: 239. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் ராத்திரி ராத்திரி அந்த வறட்டுச் சப்பாத்தியை மென்றது எதற்கு? பிறகுதான் கணக்குப் பார்த்தேன். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. கோதுமையும் கேழ்வரகும் எழுபதைச் சுற்றித்தான். சப்பாத்தியால் பலன் பெறுகிறவர்கள், பெரும்பாலும் மூன்றோடு நிறுத்துவதால்தான் பெறுகிறார்கள். ஒருநாள் இரண்டு முட்டையும் ஒரு தட்டு பீன்ஸ் பொரியலும் மட்டும் சாப்பிட்டுப் பார்த்தேன்: 148. மீட்டர் ரிப்பேர் என்று நினைத்து இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தேன்.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்த விதம்தான் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

டாக்டரிடம் சொல்லவில்லை. காலையில் போடும் கிளிமிபிரைட் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். நான்காம் நாள் மன்னார்குடிக்கு, கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போது வேர்த்தது. வெயில் என்று நினைத்தேன். கை நடுங்கியது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிறந்த தேதி என்ற கட்டத்தைப் பார்க்கிறேன், எனக்கு என் பிறந்த தேதி வரவில்லை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு 'அ' எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியவில்லை. பின்னால் நின்ற பெண் ஒருத்தி, யார் பெற்ற பிள்ளையோ, "அம்மா, உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டபடி தன் மகனுக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து என் வாயில் வைத்தாள். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தபோதே 64 இருந்தது. அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் டாக்டர் என் பேரன் வயதுதான் இருப்பார். திட்டு வாங்கினேன். "டீச்சர், அந்த மாத்திரை நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காது. கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளியே தள்ளும். சாப்பாட்டைக் குறைக்கிற அன்னைக்கே அதையும் குறைக்கணும்" என்றார். அதை நிறுத்தி, மெட்ஃபார்மினை மட்டும் வைத்துக்கொண்டார். 'ஃப்ளோசின்' என்று பெயர் முடிகிற மாத்திரை ஏதாவது போடுகிறேனா என்று இரண்டு தடவை கேட்டார். அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டாம். சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின் பார்த்தார், கண்ணைக் காட்டச் சொன்னார். அதற்குப் பிறகுதான், "சரி, செய்யுங்க, நான் கூட இருக்கேன்" என்றார்.

என்ன சாப்பிடுகிறேன் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். காலையில் இரண்டு முட்டை, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. மதியம் அவரையோ புடலையோ கீரையோ, முன்பு சோறு இருந்த இடம் முழுக்க. அதோடு விரால் கிடைத்தால் விரால், இல்லையென்றால் கெண்டை. ஒரு கப் தயிர். ராத்திரி பன்னீர் அல்லது கோழி. நடுவில் பசித்தால் ஒரு கைப்பிடி அவித்த கடலை. உருளை, மரவள்ளி, வாழைப்பழம், பால் டீ கிடையாது. முதல் பத்து நாள் தலைவலியும் ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பும் படுத்தின. மலச்சிக்கலையும் சொல்லத்தான் வேண்டும், டீச்சர் என்றால் அதெல்லாம் இல்லை என்றா நினைத்தீர்கள்? தண்ணீரும் கீரையும் கூட்டியபின் சரியானது.

மூன்று மாதத்தில் 7.2. போன மாதம் 6.5. கால் எரிச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. எல்லாமே நல்ல சேதி என்று சொன்னால் பொய். கெட்ட கொழுப்பு 118 இருந்தது 151 ஆனது. நெய்யும் வெண்ணெயும் வேண்டுமட்டும் சாப்பிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பியதன் பலன். இப்போது நெய்யை நிறுத்தி, கொழுப்புக்கு ஒரு மாத்திரை சேர்ந்திருக்கிறது.

உடம்பு பழகிவிட்டது. மனசுதான் மக்கர் செய்கிறது. டெல்டாக்காரியிடம் சோறு வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் எப்படி? அப்பா அறுவடை முடிந்து புதுநெல் குத்தி வடித்த முதல் சோற்றைக் கையில் உருட்டிக் கொடுத்த வீடு எங்களுடையது. சோற்றைச் சிந்தினால் அடி விழும். அம்மா திவசத்தன்று படையல் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் நோட்டில் கட்டம் காலி.

வருகிற 14-ஆம் தேதி குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே நாள்தான் உலக நீரிழிவு தினமும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பேன்டிங் பிறந்தநாள். 1922 ஜனவரியில் கனடாவில் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதலில் அந்த ஊசி போட்டார்கள். அதற்கு முன் சர்க்கரை வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் என்று இருந்ததெல்லாம் மாவுச்சத்தைக் குறைத்துப் பட்டினி போடுவதுதான். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகச் செத்தார்கள். அதனால் சொல்கிறேன்: இன்சுலின் ஊசியில் இருக்கும் பிள்ளைகள் யாரும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக இருக்கிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் என்னைப் பார்த்து எதுவும் செய்யாதீர்கள். நான் டீச்சர் ட்ரெயினிங் படித்தவள், டாக்டருக்குப் படித்தவள் இல்லை.

தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸ் ஒன்பது. பால்வாடிக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைப் பார்க்க வரும்போது எதுவும் வாங்கித்தான் வரவேண்டும் என்றால் முருங்கைக்கீரை ஒரு கட்டு போதும். எங்கள் மரம் கஜா புயலில் போனது போனதுதான்.

கடைசியாக ஒன்று. அண்ணே, இதை உங்கள் பேத்தி சத்தமாகப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். "சோறு இல்லாம என்ன பொழப்பு" என்று நீங்கள் சொல்வதும் காதில் விழுகிறது. சோற்றை விடச் சொல்லவில்லை. இன்னொரு விரலைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். புதன்கிழமை காலை ஆறரைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் பேசிவிட்டேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்களாம், காலை மாத்திரையைப் போடாமல் அட்டையோடு எடுத்து வாருங்கள். டிபனை நான் கட்டிக்கொண்டு வருகிறேன். செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், வெறுங்காலோடு வந்தால் ஏற்ற மாட்டேன்.