ட்ரெய்லர் சுவரில் யன்னல் வெட்டுவது எப்படி? (ஒரு கொமர்ஸ் மாணவனின் பார்வையில்)

கணக்கியல் படிக்கிற உனக்கு ஜிக்சோவோடு என்ன வேலை என்று வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். போன கோடையில் இரண்டு வார இறுதிகள் மாமா வீட்டு முற்றத்தில், அவர் வாங்கிய பழைய ட்ரெய்லரோடு கழிந்தன. அதன் உலோகச் சுவரில் ஒரு யன்னல் வைக்க வேண்டியிருந்தது. அதில் பார்த்ததையும் வாசித்து அறிந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

கனடாவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இங்கே கோடை வந்தால் காருக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டையே கொளுவிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். கட்டில், காஸ் அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். புதிதாக வாங்கினால் கடன் முடியப் பல வருடமாகும். மாமா மூவாயிரம் டொலருக்குப் பழசு ஒன்றை வாங்கினார். பின்பக்கத்தில் இருந்த அலுமாரிகளைக் கழற்றிவிட்டுத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் மேலும் கீழுமாகப் படுக்கை அடித்தார்.

பிரச்சினையை முதலில் கண்டது மாமிதான். கதவு முன்பக்கம். படுக்கை பின்பக்கம். நடுவில் அடுப்பு. இரவில் அடுப்படியில் தீப்பிடித்தால் பிள்ளைகள் எதால் வெளியே வருவார்கள்? "அதில ஒரு யன்னல் வைக்காட்டி நான் பிள்ளையள அதுக்குள்ள படுக்க விடமாட்டன்" என்று சொல்லிவிட்டார். மாமா பழைய ட்ரெய்லர்களை உடைத்து விற்கும் இடத்தில் தேடி, சிவப்புப் பிடி போட்ட அவசர யன்னல் ஒன்றை வாங்கி வந்தார். பிடியைத் திருப்பித் தள்ளினால் முழு யன்னலும் வெளிப்பக்கம் திறக்கும்.

இனி வெட்ட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெட்டுவதற்கு உண்மையில் பத்து நிமிடம்தான் எடுத்தது. மிச்ச நான்கு நாட்களும் வெட்டுக்கு முன்னும் பின்னும் போனவை.

இந்த மாதிரி ட்ரெய்லரின் சுவர் வெளியே பார்க்கத்தான் உலோகம். அலைபோல் மடித்த அலுமினியத் தகடு அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றரை அங்குல மரச்சட்டங்கள். சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி நார்ப் பஞ்சு. உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை. மின்கம்பிகளும் இதே சுவருக்குள்தான் ஓடும். தொழிற்சாலையில் முதலில் மரச்சட்டம் அடித்து, யன்னலுக்கு இடம் விட்டு, அதன்மேல் தகட்டைப் போர்த்துவார்கள். பிறகு ரவுட்டரின் வெட்டுமுனையை அந்தச் சட்டத்தின் விளிம்போடு ஓடவிட்டால் திறப்பு அளவாக வந்துவிடும். பழைய வண்டியில் வெட்டுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. சட்டம் எங்கே, கம்பி எங்கே என்று வெளியிலிருந்து தெரியாது.

அதனால் முதல் விதி: உள்ளேயிருந்து தொடங்குங்கள். வெளி மின்சார இணைப்பைக் கழற்றி, பற்றரியின் இணைப்பையும் எடுத்து, காஸ் சிலிண்டரைப் பூட்டிவிட்டு உள்பலகையை மட்டும் முதலில் வெட்டித் திறந்தோம். நாங்கள் பென்சிலால் கீறிய செவ்வகத்தின் நடுவே ஒரு மின்கம்பி குறுக்கே போனது. வெளியிலிருந்து ஜிக்சோவை விட்டிருந்தால் அதையும் சேர்த்து அறுத்திருப்போம். யன்னலை எட்டு அங்குலம் தள்ளி வைத்தோம்.

கம்பியைவிடப் பெரிய அதிர்ச்சி பக்கத்தில் காத்திருந்தது. அருகிலிருந்த பழைய சிறு யன்னலுக்குக் கீழே சட்டம் கறுத்துப்போய் விரலால் குத்தினால் உதிர்ந்தது. முன்னைய சொந்தக்காரர் யாரோ கசிவை நிறுத்த வெளியே சிலிக்கனை அப்பியிருக்கிறார். தண்ணீர் வேறு வழியால் உள்ளே போய், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தைத் தின்றிருக்கிறது.

அன்று பின்னேரம் மாமா அதிகம் கதைக்கவில்லை. பலகையைத் திரும்ப அடித்து மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவருக்குச் செய்த மாதிரியே இன்னொருவருக்கு விற்றும் விடலாம். "உள்ளுக்க இருக்கிறத தெரிஞ்சுகொண்டு இன்னொருத்தன்ர பிள்ளையள அதுக்குள்ள படுக்க வைக்கேலாது தம்பி" என்றார் கடைசியில். நாங்கள் கணக்கியலில் ஐந்தொகையில் காட்டப்படாத பொறுப்புகள் என்று படிப்போமே, அது இதுதான். யாரோ ஒருவர் கடைசியில் கட்டித்தான் ஆகவேண்டும். கொடுத்த மூவாயிரம் திரும்பி வராது. இனிமேல் எவ்வளவு செலவாகும், அதற்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான் கேள்வி. இரண்டு நாள் உழைப்பும் கொஞ்சம் மரமும் என்று கணக்குப் பார்த்தோம். உக்கிய சட்டங்களை மாற்றினோம். புதிய யன்னலுக்கு நாலு பக்கமும் சட்டம் அடித்தோம்.

பிறகுதான் வெட்டு. உள்ளேயிருந்து நாலு மூலையிலும் மெல்லிய துளை போட்டு வெளியே வந்தோம். அந்தப் புள்ளிகளை வெளியே கோட்டால் இணைத்தால் அளவு பிசகாது. கோடு போடுமுன் அந்த இடம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். ஜிக்சோவின் அடித்தட்டு பெயின்ற்றைக் கீறாது, தகடும் குறைவாக அதிரும். உலோகத்துக்கென்று விற்கும் வாள், அங்குலத்துக்கு 21 முதல் 24 பல்லு உள்ளது, வேண்டும். மர வாள் மெல்லிய தகட்டைக் கவ்விப் பிடித்துக் கிழிக்கும். வாளை முன்னும் பின்னும் ஆட்டும் சுவிட்சைப் பூச்சியத்தில் வைத்து, மெதுவாக, தள்ளாமல் போகவிட வேண்டும். வெட்டு முடியும் தறுவாயில் உள்ளே விழப்போகும் துண்டை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த உத்தியோகம் என்னுடையது :-)

கிரைண்டர் வேகமானதுதானே என்று பலர் கேட்பார்கள். அலுமினியம் மென்மையானது, உருகிச் சாதாரணக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். சூடேறிய கல் வெடிக்கக்கூடும். இரும்புத் தகடு என்றால் தீப்பொறி நேரே மரத்தூளுக்குள் போகும். தகட்டைச் சிறு சிறு துண்டாகக் கடித்துக்கொண்டு போகும் நிப்ளர் கிடைத்தால் அது ஜிக்சோவைவிட அமைதியானது. எதுவானாலும் கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, கைக்குத் தடித்த உறை கட்டாயம். வெட்டிய விளிம்பு சவர அலகு மாதிரி இருக்கும்.

மூலைகளை வளைவாக வெட்டுங்கள். யன்னல் சட்டமே வளைவாகத்தான் வரும், ஆனால் காரணம் அது மட்டுமில்லை. உலோகத் தோலில் வெட்டிய திறப்பின் மூலையில்தான் இழுவிசை குவியும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். 1954இல் கொமெற் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியபின் நடந்த ஆய்வு உலகத்துக்குப் படிப்பித்த பாடம் இது. எங்கள் ட்ரெய்லரில் பாரத்தை மரம் தாங்குகிறது என்பதால் கொஞ்சம் தப்பலாம். ஏர்ஸ்ட்ரீம் போன்ற, தோலே பாரம் தாங்கும் வண்டிகளில் இது இன்னும் முக்கியம்.

வெட்டிய பிறகு எதிரி தண்ணீர் மட்டும்தான். யன்னல் விளிம்பின் பின்னால் பியூட்டைல் டேப் ஒட்டினோம். அலைத்தகட்டின் பள்ளங்களில் இரண்டு மடிப்பு. திருகாணிகளை ஒரே பக்கமாக இறுக்காமல், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பிதுங்கி வந்த டேப்பை மறுநாள் பிளாஸ்ரிக் கத்தியால் வழித்தோம். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போடுங்கள். சாதாரண இரும்பு அலுமினியத்தோடு சேர்ந்து ஈரம் பட்டால் இரண்டுமே அரிக்கும். இந்த ஊரில் உள்ளே போன தண்ணீர் மாரியில் உறைந்து விரியும், சிறிய இடைவெளி பெரிதாகும்.

கடைசியாக, மாமா வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடிக்க, நான் உள்ளே டோர்ச்சோடு கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் மாமிக்கு அந்தச் சோதனை போதவில்லை. இரவு விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலில் படுத்திருந்த சின்னவளை, "இப்ப வெளியால வா பாப்பம்" என்று கூப்பிட்டார். ஏழு வயதுக்காரி இருட்டில் சிவப்புப் பிடியைத் தடவிப் பிடித்து, யன்னலைத் தள்ளி, காலை முதலில் வெளியே போட்டு, மாமாவின் கைக்குள் இறங்கினாள்.

"திருப்பியும் ஒருக்கா செய்யட்டே?" என்றாள்.